சர்வேயரும் மேசனும் நின்ற வடிகான்

எங்கள் சங்கத்து அங்கத்தவர் பதிவேட்டில் பெயர், விலாசம், சந்தா ஆகியவற்றோடு 'தொழில்' என்றும் ஒரு நிரல் இருக்கிறது. நான் பொருளாளர் என்பதால் பதிவேடு என் கையில்தான் இருக்கும். ஓய்வுபெற்ற நில அளவையாளர், ஓய்வுபெற்ற தபாலதிபர், மேசன், சட்டத்தரணி, இடியப்பம் அவித்து விற்கும் அக்கா, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஹாட்வெயார் கடை நானா, வாவியில் தொழில் செய்யும் அண்ணன், இரண்டு ஆசிரியைகள், ஓட்டோ ஓட்டும் தம்பி என்று அந்த நிரல் போகும். நான் ஒரு வங்கியில் கடன் பிரிவில் வேலை செய்கிறேன். இத்தனை தொழிலும் ஒரே வடிகானில் எப்படி வந்து நின்றன என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

மட்டக்களப்பு நகரம் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் தட்டையான நிலம். மேடு என்று காட்ட ஒன்றும் இல்லை. மாரி மழை தொடங்கினால் தண்ணீர் வடிகான் வழியாக வாவிக்குப் போக வேண்டும். வாவி ஏறி நிற்கிற நேரம் அது போகாது, சில இடங்களில் திரும்பியும் வரும். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் வாவி இறங்கிய பிறகும் தண்ணீர் நிற்கும். 2024 நவம்பர் கடைசியில் பெங்கல் புயலோடு வந்த மழையில் கிழக்கு மாகாணத்தின் பல ஊர்கள் வெள்ளத்தில் கிடந்தன. பக்கத்து ஒழுங்கைகள் காய்ந்து, பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் எங்கள் வளவுகளில் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரும் மலசலகூடக் குழித் தண்ணீரும் ஒன்றாகிப் போன வீடுகளும் இருந்தன.

போய்ச் சொல்வதற்கு அப்போது ஒரு வட்டார உறுப்பினர்கூட இல்லை. உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்துவிட்டது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தல் தள்ளிப்போய் 2025 மே 6 ஆம் தேதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேலான காலம் மன்றங்களை அதிகாரிகளே நடத்தினார்கள். ஒரு ஒழுங்கையின் தண்ணீரைப் பற்றி யாரிடம் பேசுவது என்று கேட்டுக்கொண்டுதான் சனசமூக நிலையத்தில் கூடினோம்.

கூட்டம் என்றதும் முதலில் வந்தது தலைவர் பிரச்சினை. நம் ஊர் வழக்கப்படி ஒழுங்கை முடிவில் இருக்கும் டொக்டரின் பெயரைத்தான் எல்லோரும் சொன்னார்கள். அவர் எழும்பி, "எனக்குக் கிழமையில பாதி இரவு கடமை. கதிரையில இருக்க என்னால ஏலாது. வேலை ஏதும் இருந்தா தாங்க, செய்யிறன்" என்றார். அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டதில் எனக்கு மிகப் பிடித்த பேச்சு அதுதான். படித்தவர்களைப் பொதுவேலைக்குக் கூப்பிடும்போது நாம் அவர்களின் பட்டத்தைத்தான் கூப்பிடுகிறோம். மேடையில் இருத்துகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், நோட்டீசில் 'ஆலோசகர்' என்று போடுகிறோம். அவர்களுடைய தொழில் வீட்டிலேயே நின்றுவிடுகிறது. எங்கள் சங்கத்துக்கு ஆலோசகர் சபை இல்லை. அது வேண்டாம் என்று அன்றைக்கே தீர்மானித்தோம். இன்றைக்கும் அது சரியான தீர்மானம் என்றே நினைக்கிறேன்.

தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்ற அன்ரி தலைவரானார். அவரிடம் நேரம் இருந்தது, பொறுமையும் இருந்தது. எந்தக் கடிதத்தையும் கையில் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது, எல்லாம் பதிவுத் தபாலில்தான் போக வேண்டும் என்பது அவர் போட்ட முதல் சட்டம். பற்றுச்சீட்டை ஒரு கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் திகதி எழுதி வைப்பார். நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் கந்தோருக்கு ஏன் தபால் என்று தம்பிமார் கேட்டார்கள். "கையில குடுத்த கடிதத்துக்குச் சாட்சி இல்ல மகன்" என்றார். அந்தக் கொப்பி பிறகு எங்களுக்கு எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன்.

அதற்கு முன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சங்கத்தில் சேர்ந்தேன் என்று சொன்னதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "குழு எண்டு போகாத புள்ள. கோயில் வேலை, மரண உதவிச் சங்கம், அதுகள் போதும்." அம்மாவின் வயதுக்காரருக்கு இந்த ஊரில் அப்படிப் பயப்படக் காரணம் உண்டு. எண்பதுகளில் மட்டக்களப்பில் பிரஜைகள் குழு இருந்தது. மெதடிஸ்த மத்திய கல்லூரி அதிபர் பிரின்ஸ் காசிநாதர் அதன் தலைவராக இருந்தவர். பாதிரிமார், ஆசிரியர்கள் என்று அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய ஆட்கள், பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளுக்காகப் பேசப் போனார்கள். அந்தக் குழுவில் முன்னின்ற சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6 ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 இல் சமாதானக் குழுவில் வேலை செய்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபேர்ட் அடிகளார், ஆகஸ்ட் 15 ஆம் தேதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், வந்து சேரவே இல்லை. புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர் அவர். அமெரிக்காவில் பிறந்து, எங்கள் ஊரில் தன் வாழ்நாளைக் கழித்தவர்.

அம்மாவிடம் நான் வாதாடவில்லை. அவர் கண்டதை நான் காணவில்லை. ஆனால் அந்த மனிதர்களை நினைக்கும்போது எனக்குப் பயத்தைவிட வேறொன்று தோன்றுகிறது. உயிரே போகக்கூடிய காலத்தில், இது எங்கள் வேலை இல்லை என்று ஒதுங்காமல் போய்க் கேட்டார்கள். இப்போது என்னிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம் கேட்கிறார்கள். அதைக்கூடக் கொடுக்க முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா இப்போது கூட்டத்துக்கு வருவதில்லை, ஆனால் கூட்டத்துக்குப் பிளேன்டீ ஊற்றிப் போத்தலில் தந்துவிடுகிறார்.

சரி, வடிகானுக்கு வருகிறேன்.

ஒவ்வொரு வருடமும் மழைக்கு முதல் அந்த வடிகான் துப்புரவாக்கப்படும். நாங்களும் சிரமதானம் செய்திருக்கிறோம். குப்பை அடைத்துத்தான் தண்ணீர் நிற்கிறது என்பது ஒழுங்கை முழுவதற்கும் இருந்த நம்பிக்கை. குப்பை போடுகிறவர் யார் என்று சண்டைகூட நடந்திருக்கிறது. மேசன் அண்ணன் ஒருநாள் எங்களை மதகடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீதிக்கு அடியால் வடிகான் கடக்கும் இடம் அது. மதகுக்கு மேல்பக்க மதிலில் பாசி பிடித்த ஒரு கோடு. கீழ்ப்பக்கத்தில் அதே கோடு நன்றாகத் தாழ்ந்து கிடந்தது. "குப்பையால அடைச்சா இந்தக் கோடு வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும். இது ஒரே இடத்தில நிக்குது. நான் இந்த மதிலுக்குப் பூச்சுப் பூசின நாள்ல இருந்து பாக்கிறன். குப்பை இல்ல, மதகுட அடி மட்டம் பிழை" என்றார்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று ஒரு ஆசிரியை கேட்டார். "ஆர் கேட்ட?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பதில் என் மனதை விட்டுப் போகவில்லை. அந்த ஒழுங்கையில் பாதி வீட்டைக் கட்டியவர் அவர். எந்தச் சுவர் எந்த மழையில் ஊறும் என்று தெரிந்தவர். தண்ணீரைப் பற்றி நாங்கள் நடத்திய எந்தக் கதையிலும் அதுவரை அவரை யாரும் இருத்திக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு சர்வேயர் ஐயா தெரிந்த ஒருவரிடம் லெவல் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். ஓட்டோத் தம்பி அளவுக்கோலைப் பிடித்தார். மேசன் அண்ணன் தன்னுடைய வழியில், தண்ணீர் நிரப்பிய ட்யூப்பைக் கொண்டு மட்டம் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் கணக்கை எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட ஒரே கணக்கு. மதகின் அடி, அதற்கு மேல்பக்க வடிகானின் அடியைவிட அரை அடி அளவில் உயர்ந்து இருந்தது. வடிகானைக் கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்தாலும், அந்த அரை அடி நிறைந்த பிறகுதான் தண்ணீர் மதகைக் கடக்கும். சர்வேயர் ஐயா வியர்வையைத் துடைத்துக்கொண்டே மேசன் அண்ணனின் தோளில் தட்டினார். அன்றைக்கு ஒழுங்கையில் பார்த்துக்கொண்டு நின்ற எல்லோருக்கும் ஒரு சந்தோசம். பிரச்சினை தீரவில்லை, ஆனால் என்னவென்று தெரிந்துவிட்டது.

இன்னொரு அளவு, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இடியப்பம் அவிக்கும் அக்கா தன் குசினிச் சுவரில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கரிக்கட்டியால் கோடு போட்டு வருடம் எழுதி வைத்திருக்கிறார். 2011 ஜனவரி வெள்ளம் ஒரு கோடு, 2024 ஒரு கோடு, நடுவில் சிறிய கோடுகள். விடியப்புறம் மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுகிறவர். தண்ணீர் குசினிக்குள் வந்தால் அன்றைய உழைப்பு போய்விடும், ஆகவே அதைக் கவனிப்பது அவருக்குத் தொழிலின் பகுதி. "இந்தக் கோட்டுக்கு வந்தா ரெண்டு அடுப்பையும் தூக்கி மேசையில வைக்கணும், இதுக்கு மேல வந்தா அண்டைக்கு அவிக்க ஏலா" என்று காட்டினார். சர்வேயர் ஐயா ஒவ்வொரு கோட்டுக்கும் மட்டம் எடுத்தார். அதே மட்டத்தை ஒழுங்கை முழுவதும் கொண்டுபோனால் எந்த எந்த வீட்டுக்குள் தண்ணீர் போகும் என்று ஒரு வரைபடம் வந்தது. எந்தக் கந்தோரிலும் இல்லாத வெள்ளப் பதிவு ஒன்று ஒரு குசினிச் சுவரில் இருந்தது.

இதை மனுவாக எழுதும்போது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் வரைவில் 'இந்த வடிகானில் டெங்கு நுளம்பு பெருகுகிறது' என்று ஒரு வரி. டெங்கு என்று எழுதினால் உடனே ஓடி வருவார்கள் என்பது எழுதியவரின் எண்ணம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வரியை வெட்டினார். டெங்கைக் காவும் ஈடிஸ் நுளம்பு பெரும்பாலும் வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீரில், பூச்சாடியில், டயரில், சிரட்டையில் முட்டையிடுவது. ஊத்தை வடிகானில் வருவது வேறு நுளம்பு. "படிக்கிற ஒரு உத்தியோகத்தருக்கு இந்த ஒரு வரி பிழை எண்டு தெரிஞ்சா, மிச்ச உண்மையையும் நம்ப மாட்டார்" என்றார். அதற்குப் பதிலாகக் கிணறுகளைப் பற்றி எழுதச் சொன்னார். மணல் நிலம், ஆழமில்லாத கிணறு, பக்கத்தில் மலசலகூடக் குழி. வெள்ளத்துக்குப் பிறகு கிணறை இறைத்துக் குளோரின் போட வேண்டிய வீடுகளின் பட்டியலையும் அவரே எடுத்துத் தந்தார். தன் தொழிலுக்கு உண்மையாக இருக்கிற ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு சங்கம் எவ்வளவு நிமிர்ந்து நிற்கலாம் என்று அன்றைக்குக் கண்டேன்.

மனுவோடு சேர்த்துத் தகவல் அறியும் விண்ணப்பமும் போட்டோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இதைப் பயன்படுத்தத் தெரியாமல் இன்னும் எத்தனையோ பேர் கந்தோர் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எதற்காகக் கேட்கிறேன் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு.

எங்கள் சட்டத்தரணித் தங்கச்சி சொல்லித் தந்த பாடம் இது: "ஏன் செய்யல்ல எண்டு கேட்டா விளக்கம் எழுதி அனுப்புவாங்க. எந்தக் கடதாசி இருக்கு எண்டு கேளுங்க, கடதாசி வரும்." என்னென்ன கடதாசி என்பதில்தான் என் தொழில் வந்தது. வீட்டுக் கடன் கொடுக்கும்போது நாங்கள் முழுக் காசையும் ஒரேயடியாக விடுவதில்லை. அத்திவாரம் முடிந்தால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் ஒரு பகுதி, கூரை போட்டால் ஒரு பகுதி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். வடிகானும் அப்படித்தானே கட்டப்பட்டிருக்கும்? ஆகவே வரைபடம், மதிப்பீடு, கட்டம் கட்டமாக எடுத்த அளவுத் தாள்கள் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்டோம்.

எந்தக் கந்தோர் என்று இங்கே எழுதவில்லை, யாரையும் சண்டைக்கு இழுப்பது எங்கள் நோக்கம் இல்லை. சொன்ன தவணைக்குள் பதில் வரவில்லை. கடிதமே கிடைக்கவில்லை என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அன்ரி கொப்பியை எடுத்தார். பற்றுச்சீட்டு இலக்கம், திகதி எல்லாம் போட்டு மேன்முறையீடு போனது. பிறகு கடதாசிகள் வந்தன.

அவற்றைச் சனசமூக நிலைய மேசையில் விரித்துவைத்துப் பார்த்த பின்னேரம் எனக்கு மறக்காது. இலங்கையில் வீதிகள் பிரிந்து கிடக்கின்றன. ஏ, பி தரத்து வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தரங்கள் மாகாணத்துக்கு, ஒழுங்கைகள் உள்ளூராட்சி மன்றத்துக்கு. எங்கள் விசயத்தில் மதகு ஒருவருடையது, வடிகான் இன்னொருவருடையது. மதகு பழையது. வடிகான் பிறகு கட்டியது. வடிகானின் அளவுத் தாளில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஆனால் மதகின் அடி மட்டம் ஒரு இடத்திலும் இல்லை. அவரவர் எல்லைக்குள் வேலை முடிந்திருந்தது, இரண்டு எல்லையும் சேரும் இடத்தை யாரும் அளக்கவில்லை. ஹாட்வெயார் நானா உடனே கல்குலேட்டரை எடுத்து, மதகை உடைத்துத் திரும்பக் கட்ட எவ்வளவு சீமெந்து, கம்பி, கல் என்று மேசன் அண்ணனோடு இருந்து அன்றைய விலையில் ஒரு மதிப்பீடு போட்டார். அதையும் மனுவோடு இணைத்தோம்.

2025 மே தேர்தல் முடிந்து சபை கூடியதும் புதிய உறுப்பினரிடம் எல்லாக் கடதாசியும் ஒரே கோவையாகப் போனது. அவர் மூலம் இரண்டு கந்தோர்களின் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும் ஒரே நாளில் மதகடிக்கு வந்தார்கள். சத்தம் போட ஒரு கூட்டத்தைத் திரட்ட வேண்டும் என்று சிலர் விரும்பினார்கள். அன்ரி விடவில்லை. சர்வேயர் ஐயா மட்டத் தாளைக் கொடுத்தார், மேசன் அண்ணன் பாசிக் கோட்டைக் காட்டினார், அக்கா தன் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வந்தவர்களும் அந்தத் தொழிலைப் படித்தவர்கள்தானே. தாளைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. மதகைத் திருத்துவது அடுத்த வருட வேலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதுவரை இந்த மாரிக்கு, மதகுக்குப் பக்கத்தால் ஒரு தற்காலிகக் குழாய் பதித்துத் தந்தார்கள்.

இதெல்லாம் சுலபமாக நடந்தது என்று நினைக்கக் கூடாது. அரச உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குத் தாபன விதிக்கோவை இருக்கிறது. எல்லாவற்றிலும் பெயர் போட்டுக் கையெழுத்து வைக்க அவர்களால் ஏலாது, பத்திரிகைக்குப் பேசவும் ஏலாது. அவர்களைக் கோழை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெயர் இல்லாமல் ஒரு வரைவைத் திருத்தித் தருவதும் வேலைதான், சில நேரம் அதுதான் பெரிய வேலை. அடுத்த கஷ்டம் இடமாற்றம். ஒரு ஆசிரியை அம்பாறைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார், டொக்டரும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். பொறியியல் படித்த பிள்ளைகள் இரண்டு வருடத்தில் வெளிநாடு. ஆகவே ஒருவர் செய்வதை இன்னொருவர் பக்கத்தில் இருந்து பழக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஓட்டோத் தம்பி இப்போது லெவல் கருவியைத் தனியாக வைத்துப் பார்ப்பார்.

இந்த மாரிக்கு எங்களுக்கு முன்னால் இருப்பது இன்னும் பெரிய விசயம். வாவியில் தொழில் செய்யும் அண்ணன் முதல் கூட்டத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வருவது: வாவி ஏறி நின்றால் எந்த வடிகானும் வேலை செய்யாது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டுகிற நேரத்தைப் பற்றி நகரத்து ஆட்களும் பேச வேண்டும். மண் திட்டு அடைத்துக் கிடக்கும் முகத்துவாரத்தை எப்போது வெட்டிவிடுவது என்பதில் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை வயல்காரரின் கவலை ஒன்று, வாவியில் இறாலும் மீனும் பிடிப்பவரின் கவலை வேறொன்று. நிறைந்த வாவி வயலை மூழ்கடிக்கும். நேரத்துக்கு முந்தி வெட்டினால் வாவிக்காரரின் பிழைப்பு கடலோடு போகும். இதில் நாங்கள் போய் 'எங்கள் ஒழுங்கை' என்று மட்டும் பேசினால் நியாயம் இல்லை. வயல் செய்பவர்களையும் கூப்பிட்டு இருத்திக் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். சர்வேயர் ஐயா வாவிக் கரையில் ஒரு மட்டக்கோல் நட்டு, நாளாந்தம் வாசித்து எழுத ஆள் தேடுகிறார்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்களிடம் நேராகவே கேட்கிறேன். நீர்ப்பாசனத்தில் வேலை செய்தவர் ஒருவர் வேண்டும். வரைபடத்தைக் கணினியில் போடத் தெரிந்த பிள்ளை ஒன்று வேண்டும். சிங்களத்தில் கடிதம் எழுதக்கூடிய ஒருவர் கட்டாயம் வேண்டும், சில பதில்கள் அந்த மொழியில்தான் வருகின்றன. வாவிக் கரையில் வீடு உள்ள, காலையில் எழும்பி மட்டக்கோலை வாசிக்கக்கூடிய யாராவது வேண்டும், அதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை. கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் நான்கு மணிக்கு, பூசைக்கும் பிள்ளைகளின் ரியூசனுக்கும் இடையூறு இல்லாத நேரம். வந்தால் பதிவேட்டில் தொழிலைக் கேட்டு எழுதிக்கொள்வேன், அன்றைக்கே ஏதாவது வேலையும் கையில் தருவோம்.